லாட் 41, பண்டல் 3, பீஸ் 7

கிதாரின் கழுத்தை உடலோடு இணைத்திருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றியபோது, உள்ளே வண்ணம் படாத வெறும் மரத்தில் பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன: 41-3-7. பக்கத்தில் ஒரு கிறுக்கல். ஏணி ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்ததுபோல இருந்தது. இரண்டையும் என் குறிப்பேட்டில் அப்படியே வரைந்துகொண்டேன். அன்று நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் ஒரு நாளிதழுக்குத் திருப்பூரில் பகுதிநேர நிருபர். கடையடைப்பு, ஆற்றில் விடப்பட்ட சாயத்தண்ணீர், மின்வெட்டு, நூல் தட்டுப்பாடு, இவற்றையெல்லாம் எழுதி உறையிலிட்டுச் சாயங்காலம் கோவைப் பேருந்தின் நடத்துனரிடம் கொடுத்தால் மறுநாள் காலை அச்சில் வந்துவிடும். பத்திரிகையின் பெயரும் என் பெயரும் பொறித்த ரப்பர் முத்திரை ஒன்று என்னிடம் இருந்தது. நான் குடியிருந்த, ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் அந்த முத்திரைக்குத் தனி மரியாதை. ரேஷன் அட்டைக்கு மனு, பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பம் என்று எதையாவது எழுதித் தரக் கேட்பார்கள். எழுதி முடித்ததும், "சீல் வெச்சுக் குடுத்துருங்க" என்பார்கள். இந்த முத்திரைக்கு அங்கே வேலை இல்லை என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டு வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

எதிர் வீட்டில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். பிழைக்க வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மனைவியும் அதே பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தார். மேசை மேல் அடுக்கடுக்காக விரித்த துணியைக் கோடு பிசகாமல் வெட்டுவதில் மாஸ்டருக்குப் பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நீளமான மரப்பெட்டி ஒன்றை சைக்கிள் கேரியரில் குறுக்கே கட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார். அதற்குள் இருந்த மின்சாரக் கிதாரை அங்கே பாடகர் குழுவில் வாசிப்பார்.

கல்யாணக் கச்சேரிகளில் கிதார்களைப் பார்த்திருக்கிறேன். இது அவற்றைப்போல இல்லை. நடுவில் கருஞ்சிவப்பு, ஓரத்துக்கு வர வரக் கறுப்பு. முன்புறம் கோடுகள் இழைத்த தகரத் தகடு. அதில் வீட்டு ஸ்விட்ச் போர்டு மாதிரி வரிசையாக நான்கு ஸ்விட்சுகள். தலைப்பகுதியில் கம்பெனிப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும். பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், இது எந்த ஊர்ல செஞ்சதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"எதுக்குங்க மாஸ்டர்? விக்கப் போறீங்களா?"

"விக்கதுக்கு இல்ல சார். எங்கப்பாவக் கூட்டிட்டு வரவா வேண்டாமான்னு தெரியணும்."

கிதாருக்கும் அப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சொன்னார். மாஸ்டருக்கு ஆறு வயதிருக்கும்போது, கப்பலில் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அப்பா ஊரைவிட்டுப் போனார். ஆறு வருடம் கழித்து இந்தப் பெட்டியோடு திரும்பினார். கப்பல் ஜப்பானுக்குப் போனபோது, அறுபத்தாறில், அங்கே ஒரு துறைமுகத்தில் வாங்கிய கிதார் என்றார். மாஸ்டரின் தாய்மாமன்கள் நம்பவில்லை. ஆள் கப்பலே ஏறவில்லை, கல்கத்தாவில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தார், கிதாரும் அந்த ஊர்ச் சரக்கு என்றார்கள். கப்பல் வேலைக்கான புத்தகம் எங்கே என்று கேட்டால், தொலைந்துபோனது என்றார் அப்பா. அம்மா தன் அண்ணன்களைத்தான் நம்பினார். சாகும்வரை புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மாஸ்டரும் அம்மா பக்கம்தான்.

இப்போது அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். கண் சரியாகத் தெரியவில்லை. உன்னோடு வந்து இருக்கட்டுமா என்று கடிதம் போட்டிருக்கிறார்.

"எம்பொஞ்சாதி கூட்டிட்டு வாங்கன்னுதான் சொல்லுதா. எனக்குத்தான் மனசு வரமாட்டேங்கு. இது ஜப்பான் கிதாருன்னா அவரு சொன்னது நெசம். நாளைக்கே போய்க் கையோட கூட்டியாந்துருவேன்."

"கல்கத்தாக் கிதாரா இருந்தா?"

"எங்கம்மா செத்துப்போனா சார். அவளுக்கு யாரு பதில் சொல்லுவா?"

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சாயத்தண்ணீரைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். இது ஒரு முடிவுக்கு வரக்கூடிய விஷயம்.

முதலில் பெட்டி. உட்புறம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. பழுத்துப்போன தாள், ஆனால் எழுத்து தெளிவாக இருந்தது. கல்கத்தாவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த தபால் நிலைய ஊழியர் ஒருவரிடம் ஒரு துண்டைக் காட்டினேன். பார்த்தவுடனே வங்காளி என்றார். அடுத்தது கம்பியை முறுக்கும் ஆறு திருகுகள். ஐந்து ஒரே மாதிரி, ஆறாவது வேறு. அதில் "இந்தியா" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. தகட்டுக்கு அடியில் ஒயர்கள் அழுக்கான பற்றாசோடு ஒட்டவைக்கப்பட்டிருந்தன. ஜப்பான்காரன் வேலை இப்படி இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவரை ஜப்பானில் செய்த பொருளாக நான் தொட்டுப் பார்த்தது ஒரு கைக்கடிகாரம் மட்டும்.

கடைசியாகக் கழுத்தைக் கழற்றினோம். மாஸ்டர்தான் கழற்றினார். டார்ச் விளக்கை நான் பிடித்துக்கொண்டேன். எண்களைப் பார்த்ததும் அவர் தயங்கவே இல்லை.

"லாட் நாப்பத்தொண்ணு, பண்டல் மூணு, பீஸ் ஏழு."

கட்டிங் அறையில் அப்படித்தான். ஒரே சாயத்தில் ஒரே தடவையில் வந்த துணி ஒரு லாட். வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டினால் பண்டல். அதற்குள் ஒவ்வொன்றும் பீஸ். நிறம் மாறி ஒரு கை வெளுப்பாகவும் ஒரு கை கருப்பாகவும் தைத்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு துண்டிலும் சாக்குக்கட்டியால் இந்த எண்களை எழுதுவார்கள். மாஸ்டர் ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுதுவாரோ தெரியாது. திருப்பூரில் இருக்கும் எனக்கும் அது வேறு விதமாகத் தோன்றவில்லை.

"தேதியா இருக்குமுங்களா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தேதின்னா அறுபத்தாறுன்னு எங்கயாச்சும் இருக்கணும்லா சார்?"

இல்லை. அதோடு அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொருவரிடம் போனேன். பனியன்களுக்கு நெய்த லேபிள் விற்கும் கடைக்காரர். தமிழ் முஸ்லிம், என் நண்பர். எந்த நாட்டுக் கம்பெனிப் பெயரானாலும் அவர் கடை அலமாரியில் சுருள் சுருளாக இருக்கும். கிதாரை வாங்கித் தலையில் இருந்த இரண்டு துளைகளையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"லேபிள் வெட்டுன சரக்குங்க இது" என்றார்.

ஏற்றுமதிக்கு ஆகாது என்று கழித்த பனியனை உள்ளூரில் விற்கும்போது, வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிளை வெட்டிவிட்டுத்தான் விற்க வேண்டும். அது இந்த ஊர் வழக்கம். கழுத்தில் கத்தரித்த நூல் முனை குத்தினால், அது அப்படி வந்த பனியன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப வெளிநாடு இல்லீங்களா?"

"ஏனுங்க பேப்பர்காரரே, பேரு இருந்தாலே நான் நம்ப மாட்டேன். பேரில்லாததுக்கு எங்கிட்ட வந்து கேக்கறீங்களே. உங்களுக்கு எந்த நாடு வேணும்னு சொல்லுங்க, வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள லேபிள் நெய்ஞ்சு குடுத்தர்றேன்."

சிரித்தோம். அன்று மாலையே எழுதிவிட்டேன். பத்திரிகைக்குச் செய்தி எழுதும் தாளில் நான்கு வரி. "மேற்படி மின்சாரக் கிதாரைப் பரிசோதித்ததில், அதன் பெட்டியில் உள்ள வங்காள நாளிதழ், இந்தியத் தயாரிப்பிலான திருகு, உட்புறத்தில் உள்ள லாட் எண் ஆகியவற்றின் அடிப்படையில், இது கல்கத்தாவில் செய்யப்பட்டது என்பது உறுதியாகிறது." கையெழுத்துப் போட்டேன். மாஸ்டர் கேட்பதற்கு முன்பே முத்திரையும் வைத்தேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "சரி சார்" என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தத் தாளை அவர் என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். இரண்டு வாரத்தில் ஒரு கார்டு வந்தது. மாஸ்டர் கொண்டுவந்து காட்டினார். கண் தெரியாததால் அப்பா யாரையோ வைத்து எழுதியிருந்தார் போலும், கையெழுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையது. "பேப்பர்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லவும்."

"ஒத்துக்கிட்டாரு பாத்தியளா சார்" என்றார் மாஸ்டர். குரலில் சந்தோஷம் இல்லை. எனக்கு இருந்தது. நான் கண்டுபிடித்ததை எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். மாஸ்டரின் மனைவி அன்று தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்தும் பேசாமல் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். அதையும் கவனித்தேன். கவனிப்பதுதானே என் தொழில்.

அடுத்த வருடக் கடைசியில் மாஸ்டரின் அப்பா இறந்துபோனார். மாஸ்டரும் மனைவியும் போய்விட்டு வந்தார்கள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கேரியரில் பெட்டியைப் பார்த்த நினைவில்லை. சில மாதத்தில் அவர்கள் வேறு வீட்டுக்கு மாறிப் போனார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், முதலிபாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு ஜப்பானிலிருந்து நிட்டிங் மெஷின் வந்து இறங்கியது. செய்தி எடுக்கப் போயிருந்தேன். மெஷினைப் பூட்டித்தர ஜப்பானிலிருந்து ஒரு பிட்டரும் வந்திருந்தார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல, மெஷினை விற்ற ஏஜென்சியிலிருந்து ஓர் இளைஞர். பிட்டர் ஒரு பகுதியைப் பூட்டி, எண்ணெய் விட்டு, கையால் சுற்றிப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மூடியின் உட்புறத்தில் எதையோ எழுதிவிட்டு மூடினார். மூடும் முன் நான் பார்த்துவிட்டேன். 7-8-22.

கம்பெனி சூப்பர்வைசரும் பார்த்தார். "ஏனுங்க, அவிய ஊர்லயும் லாட் நெம்பர் போடுவாங்களா?"

இளைஞர் சிரித்தார். "லாட் நம்பர் இல்லீங்க. இன்னிக்குத் தேதிங்க. அவங்க வருசத்த மொதல்ல எழுதுவாங்க. அவங்க ராஜா பட்டத்துக்கு வந்து இது ஏழாவது வருசமுங்க."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். குறிப்பேட்டிலிருந்து நிமிர்ந்தேன்.

"அதுக்கு முந்தின ராஜாவோட நாப்பத்தொண்ணாவது வருசம்னா, நம்ம கணக்குல எதுங்க?" என்று கேட்டேன். இளைஞர் பிட்டரிடம் கேட்டார். பிட்டர் யோசிக்கவே இல்லை, தன் வயதைச் சொல்வதுபோலச் சொன்னார். அறுபத்தாறு.

மறுநாள் பழைய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனேன். எண்களுக்குப் பக்கத்தில் நான் வரைந்திருந்த ஏணியைப் பிட்டர் சிறிது நேரம் பார்த்தார். அது ஒரு ஜப்பானிய எழுத்து; பென்சிலால் அதன் பக்கத்திலேயே சரியாக எழுதிக் காட்டினார். பார்த்து முடித்தாயிற்று என்று அர்த்தமாம். வேலை முடிந்த பொருளைச் சோதித்தவர் போடும் குறி.

"அட, நம்ம செக்கிங் மாதிரிதானுங்க" என்றார் சூப்பர்வைசர்.

அறுபத்தாறாம் வருடம், மார்ச் மாதம், ஏழாம் தேதி. ஜப்பானில் யாரோ ஒருவர் அந்தக் கிதாரைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதி வைத்திருந்தார். நாங்கள் இருவர் அதை டார்ச் அடித்துப் பார்த்து, லாட் என்றோம்.

பெட்டி, திருகு, பற்றாசு எல்லாம் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொன்றாக இடம் மாறி அமர்ந்தன. பெட்டி கிதாரோடு வந்திருக்க வேண்டியதில்லை. திரும்பும் வழியில் கப்பல் கல்கத்தாவில் நின்றிருந்தால் அங்கே ஒரு தச்சர் அடித்துக் கொடுத்திருக்கலாம். திருகு உடைந்து மாற்றியிருக்கலாம், பற்றாசை யாரோ ரேடியோக்காரர் வைத்திருக்கலாம். இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்தில், இரவுப் பேருந்து ஏறினால் விடிகாலையில் போய்ச் சேரும் தூரத்தில். அவரை நான் கேட்கவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற செய்திக்குக்கூட நகராட்சி அதிகாரியின் பதிலைக் கேட்காமல் உறையை ஒட்டியதில்லை. இங்கே ஒரு மனிதரைப் பற்றி, அவரைக் கேட்காமல், முத்திரை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அது எனக்கு இன்னும் தாமதமாகத்தான் பட்டது. மாஸ்டர் கேட்ட கேள்வியே கிதாரால் பதில் சொல்லக்கூடியதல்ல. ஒரு பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதிலிருந்து எங்கே வாங்கப்பட்டது என்று தெரியாது. கல்கத்தாவில் செய்த கிதாரைக் கப்பல்காரர் வாங்கியிருக்கலாம். ஜப்பானில் செய்ததைக் கப்பலே ஏறாதவர் கல்கத்தாவில் வாங்கியிருக்கலாம். திருப்பூரில் இருப்பவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று? மாஸ்டர் வெட்டிய பனியன்கள் அவர் பார்க்காத ஊர்களில் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. அவற்றைப் போட்டிருந்த யாரும் திருப்பூருக்கு வந்ததில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு மாதம் போகவில்லை. வீடு தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். லேபிள் கடைக்காரரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அதற்குள் நிருபர் வேலையையும் விட்டுவிட்டேன். அது வேறு காரணத்துக்காக.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். மாஸ்டருக்கு முன்தலை நரைத்திருந்தது. அவர் மனைவி நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். குறிப்பேட்டைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் எழுந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். கிதாருக்குக் கம்பிகள் இல்லை. கழுத்தின் திருகாணிகளைக் கழற்றி, உட்புறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாப்பத்தொண்ணு" என்றார். "நாந்தான சார் லாட்டுன்னு சொன்னேன்."

"எழுதினது நான்தானுங்க மாஸ்டர்."

"அப்பம் எங்கப்பா ஜப்பானுக்குப் போனது நெசம்."

அங்கே நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "செஞ்சது ஜப்பான்ல. அது நிச்சயமுங்க. வாங்கினது எங்கன்னு இத வெச்சுச் சொல்ல முடியாதுங்க. அவர் சொன்ன வருசம் ஒத்துவருது. அவ்வளவுதானுங்க."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. மாஸ்டர் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார்.

"எழுதிக் குடுங்க சார்."

எழுதினேன். "இந்தக் கிதார் ஜப்பானில் செய்யப்பட்டது. உள்ளே இருப்பது லாட் எண் அல்ல, அறுபத்தாறாம் வருடத்துத் தேதி. உரிமையாளர் சொன்னபடி அது ஜப்பானில் வாங்கப்பட்டதாக இருக்கலாம்." கையெழுத்துப் போட்டேன்.

"சீலு?"

"வேலைய விட்டுட்டனுங்க. சீல் இல்லீங்க."

அவர் பெட்டியின் ஓரத்திலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் விரித்தார். என்னுடைய பழைய தாள். அப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் இருந்ததாம். மடிப்புகளில் கிழிந்து, பின்பக்கம் நூல் துணி ஒட்டப்பட்டிருந்தது. கண் தெரியாத மனிதர் அதை யாரையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாரோ. முத்திரை மட்டும் அழியாமல் ஊதா நிறத்தில் அப்படியே இருந்தது.

மாஸ்டர் இரண்டையும் மாறி மாறிப் படித்தார். பீஸ் செக் பண்ணுவதுபோல வரிக்கு வரி விரலை வைத்துப் படித்தார்.

"இதுல 'இருக்கலாம்'னு எழுதியிருக்கிய. அதுல அப்பிடி எதுவும் இல்லியே சார்."

"தெரிஞ்சது அவ்வளவுதானுங்க மாஸ்டர். அதுக்கு மேல எழுத முடியாதுங்க."

"அது சரி சார். அன்னைக்கும் அவ்வளவுதான தெரிஞ்சிருக்கும்."

அவர் மனைவி வாசல்படியில் வந்து நின்றிருந்தார். மாஸ்டர் கிதாரின் உடலை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை அதன் குழியில் பொருத்தி, திருகாணி எடுக்கக் கையை நீட்டினார். கழுத்து நழுவியது.

"இதக் கொஞ்சம் பிடிங்க சார்."

நான்கு திருகாணிகளும் இறங்கி முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.